உயரம் மலிந்த பின்: யாழ்ப்பாணத்து ட்ரோன் தொழில் உற்சாகத்தை மீட்கும் வழி

மார்கழி மழை ஓய்ந்து தை பிறக்கும் நாட்களில் பண்ணைக் களப்புக்கு மேலே நூறு மீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் ஒரு சிறு ட்ரோன், அதாவது விமானி இன்றித் தரையிலிருந்து வானலை மூலம் இயக்கப்படும் பறக்கும் கமரா, யாழ்ப்பாணத்தை அதன் மக்கள் பல தலைமுறைகளாகக் கண்டிராத முகத்தோடு காட்டுகிறது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை தரையில் நிற்பவருக்கு மதிலும் அகழியுமாக மட்டுமே தெரிய, மேலிருந்து நோக்கும்போது ஐந்து கொத்தளங்கள் கூராக நீண்ட ஐங்கோணமாகத் துலங்குகிறது. அதற்கு அப்பால் பொது நூலகத்தின் வெள்ளைக் குவிமாடமும், மேற்கே மண்டைதீவை நோக்கி நீரின் நடுவே செல்லும் பண்ணை வீதியும், அவ்வீதியின் இருமருங்கிலும் ஆழமற்ற நீரில் தடிகள் ஊன்றிக் கட்டப்பட்ட சிறகுவலைகள் வரைந்திருக்கும் அம்புமுனை வடிவங்களும் ஒரே சட்டத்துக்குள் வந்து சேர்கின்றன.

பத்தாண்டுகளுக்கு முன்னர் இத்தகைய ஒரு காட்சி கலியாண வீட்டுத் திரையில் தோன்றியபோது பந்தலே எழுந்து நின்று பார்த்தது. இன்று அதே கோட்டையும் அதே வீதியும் கைப்பேசித் திரைகளில் நாள்தோறும் வந்துபோக, பார்ப்பவர் விரலால் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்கிறார். இந்த மாற்றத்தின் சுமையை முழுவதுமாகத் தாங்குபவர்கள், ஒரு ட்ரோன், மூன்று பற்றறிகள், ஒரு மடிகணினி, ஒரு மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை முதலாக வைத்துத் தனியாளாகவோ ஒரு ஸ்ரூடியோவின் துணையோடோ வான்வழிப் படப்பிடிப்பை நடத்திவரும் இளைஞர்களே. அவர்களிடையே இன்று மிகுதியாகக் கேட்கும் சொல் சலிப்பு. வேலை கிடைக்கும் மாதத்தில் ஓய்வு இல்லை. வேலை இல்லாத மாதத்தில் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மனம் வருவதில்லை.

இந்தச் சலிப்பைச் சோம்பல் என்றோ, இளையோரின் பொறுமையின்மை என்றோ தள்ளிவிடுவது தவறு. தொழிலில் விற்கப்பட்டுவந்த பண்டம் உயரம் மட்டுமே என்பதும், அந்த உயரம் மலிந்துவிட்டது என்பதும், உயரத்திலிருந்து தெரியும் நிலத்தைப் பற்றிய அறிவை விற்கும் வேலை குடாநாட்டில் இன்னும் ஏறத்தாழத் தொடங்கவே இல்லை என்பதும் சேர்ந்தே இந்நிலையை உண்டாக்கியிருக்கின்றன.

உயரம் மலிந்த கதை

வானிலிருந்து படமெடுக்கும் ஆசை கமராவைப் போலவே பழையது. பிரான்ஸைச் சேர்ந்த நாடார் என்னும் படப்பிடிப்பாளர் 1858 இல் பாரிஸுக்கு அருகே பலூனிலிருந்து முதல் வான்படத்தை எடுத்தார் என்பது வரலாறு, அப்படம் எஞ்சவில்லை. 1860 இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பொஸ்டன் நகரை எடுத்த படமே இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது. அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வான்படம் என்பது அரசுகள், படைகள், பெரிய நிறுவனங்கள் ஆகியவற்றின் கைப்பொருளாகவே இருந்தது.

2006 இல் சீனாவின் ஷென்சென் நகரில் தொடங்கப்பட்ட டிஜேஐ நிறுவனம் 2013 இல் பான்டம் என்னும் நான்கு சுழலிக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இந்த நிலை உடைந்தது. 2016 இல் மடித்துப் பையில் வைக்கத்தக்க மாவிக் வந்தது. 2019 இன் இறுதியில் வந்த மாவிக் மினி 249 கிராம் எடையோடு அரை மணி நேரம் பறக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. காற்றில் கமரா ஆடாமல் பிடித்துவைக்கும் கிம்பல் என்னும் சுழல்தாங்கியும், செய்மதி வழிகாட்டலும் கருவிக்குள்ளேயே அமைந்துவிட்டமையால், முன்னர் மாதக்கணக்கில் பயில வேண்டியிருந்த கைத்திறன் சில நாட்களில் கைவந்தது. திறமை அரிதாக இருந்த காலத்தில் தொழிலில் இறங்கியவர்கள், திறமை கருவியோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்த காலத்தில் போட்டியைச் சந்திக்க நேர்ந்தது.

பெட்டிச் செய்தி: பட்டமும் கமராவும்

*வான்படத்தின் வரலாற்றில் பட்டத்துக்கு உரிய இடத்தை வடமராட்சி மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். பிரான்ஸின் தென்பகுதியைச் சேர்ந்த ஆர்தர் பட்டூ 1888 இல் தாம் கட்டிய பட்டத்தில் கமராவைப் பொருத்தித் தம் ஊரைப் படமெடுத்தார். 1906 இல் நிலநடுக்கத்தால் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரை ஜோர்ஜ் லோரன்ஸ் பட்டங்களின் தொடரில் ஏற்றிய பெரிய கமராவால் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் விசித்திரப் பட்டங்களைக் கட்டுவோரிடம் உள்ள காற்றறிவு அந்த மரபுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் அதே பருவத்தில் ஊரெங்கும் கட்டப்பட்டிருக்கும் நைலோன் கயிறுகள் ட்ரோனின் சுழலிகளுக்குப் பெரும் ஆபத்து. பட்டங்களின் விண் கூவும் ஓசை கேட்கும் திசையில் கருவியை ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.*

வானம் பூட்டப்பட்ட ஆண்டுகள்

போட்டி மட்டுமே காரணமாயின் தொழில் இவ்வளவு தளர்ந்திராது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த சில நாட்களில், ஏப்ரல் 25 ஆம் திகதி, சிவில் விமான சேவைகள் அதிகார சபை நாட்டின் வான்பரப்பில் ட்ரோன்களைப் பறக்கவிடுவதை மறு அறிவித்தல் வரை தடைசெய்தது. கடன்பட்டு வாங்கிய கருவிகள் அலுமாரிக்குள் முடங்கின. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு வந்து கலியாணங்களையும் கோயில் திருவிழாக்களையும் நிறுத்தியது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி தளர்த்தப்பட்டபோது, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. ஆயிரம் டொலர் விலையுள்ள ஒரு கருவியை மாற்ற வேண்டியவருக்கு இரண்டு இலட்சம் ரூபாயாக இருந்த செலவு, வரிகளைச் சேர்க்காமலே, மூன்றரை இலட்சத்தைத் தாண்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, பற்றறிகளை மின்னேற்றுவதும் படத்தைத் தொகுப்பதும் பெற்றோல் வரிசையில் நிற்பதும் ஒரே இரவுக்குள் முடிக்க வேண்டிய வேலைகளாயின.

தடைகள் நீங்கிய பின்னரும் குடாநாட்டின் வானம் சிறியது. பலாலியில் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பெருந்தொற்றால் மூடப்பட்டு, 2022 டிசம்பரில் சென்னைச் சேவையோடு மீண்டும் உயிர்பெற்றது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. மக்களுக்கு நன்மையான இந்த வளர்ச்சி, விமானம் இறங்கும் பாதைக்கு அண்மையில் உள்ள வலிகாமம் வடக்கில் ட்ரோன் பறப்பதற்கான இடத்தை இயல்பாகவே சுருக்குகிறது. அதனோடு படைமுகாம்கள், கடற்படைத் தளங்கள், காங்கேசன்துறைத் துறைமுகம் ஆகியவற்றின் சூழலையும் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது என்ன என்பது ஒவ்வொரு இயக்குநருக்கும் மனப்பாடம். கருவியை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும், பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும், இடத்தைப் பொறுத்துப் பாதுகாப்பு அமைச்சின் இணக்கமும் தேவைப்படுகின்றன. பாதுகாப்பின் பொருட்டு இவற்றுக்கு நியாயம் உண்டு. ஆனால் கொழும்பிலுள்ள பெரிய நிறுவனம் தனி ஊழியரை வைத்துச் செய்யும் இந்தக் கடித வேலையை, கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ இருக்கும் தனியாள் தன் படப்பிடிப்பு நேரத்தைக் கொடுத்தே செய்ய வேண்டியுள்ளது.

சலிப்பின் உட்புறம்

புறக் காரணங்களுக்கு அப்பால் உள்ள அகக் காரணத்தை உளவியல் ஆய்வுகள் நன்கு விளக்குகின்றன. 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூன்று ஆய்வாளர்கள் படம் வரைவதில் விருப்பமுள்ள பாலர் பள்ளிச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பின் எவ்விதப் பரிசும் இன்றிப் பேனைகள் வைக்கப்பட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த சிறுவர்களே மற்றவர்களிலும் குறைந்த நேரம் வரைந்தார்கள். விருப்பத்தால் செய்த செயலுக்குப் புறக்கூலி வந்து சேரும்போது உள்ளிருந்த விருப்பம் தேய்வதை ஆய்வாளர்கள் மிகைநியாய விளைவு என்று அழைத்தார்கள். விளையாட்டாகப் பறக்கவிட்டு, பின்னர் அதையே பிழைப்பாக்கிக்கொண்ட ஒருவருக்கு நேர்வதும் இதுவே.

தொழிற்சோர்வைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மஸ்லாக் அதனை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிலிருந்தும் வாடிக்கையாளரிடமிருந்தும் மனம் விலகி எள்ளலோடு நோக்குதல், தான் செய்வதால் பயன் எதுவும் விளையவில்லை என்று உணர்தல். உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் ஏற்றுக்கொண்ட தனது நோய்ப் பட்டியலின் 11 ஆம் பதிப்பில் இதனை நோயாக அன்றித் தொழில்சார் நிலையாகக் குறித்தது. இவற்றுள் மூன்றாவது கூறே யாழ்ப்பாணத்து ட்ரோன் இயக்குநரை அதிகமாக வாட்டுகிறது.

ஒரு கலியாணப் படப்பிடிப்பை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். வாழை கட்டிய வாசலின் மேலாகக் கருவி மெல்ல எழுந்து பந்தலைக் காட்ட வேண்டும். மாப்பிள்ளையின் கார் ஊர்வலத்தைப் பின்னாலிருந்து தொடர வேண்டும். கோயிற் கோபுரத்தை ஒரு முறை வலம்வர வேண்டும். மறுநாள் காரைநகர் கசூரினா கடற்கரையில் மணமக்கள் கைகோத்து நடக்க, அவர்களை நடுவில் வைத்துப் பின்னோக்கி உயர வேண்டும். இந்த நான்கும் இல்லாத காணொளியை வீட்டார் குறையுள்ளதாகக் கருதுவார்கள்; இந்த நான்கு மட்டுமே உள்ள காணொளியை எடுத்தவர் தம்முடையது என்று அடையாளம் காட்டவே முடியாது. மேலும், புலம்பெயர்ந்த உறவினர் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து சேரும் யூலை, ஓகஸ்ட் மாதங்களே, நல்லூர்த் திருவிழாவும் கலியாணங்களும் சாமத்தியச் சடங்குகளும் நெருங்கிவரும் வேலைப் பருவமாகும். அப்பருவம் சோளகக் காற்று உரத்து வீசும் காலமும் ஆகும். 249 கிராம் எடையுள்ள சிறு கருவிகள் தாங்கக்கூடிய காற்றின் எல்லை நொடிக்கு ஏறத்தாழ பத்து மீற்றர். எல்லையின் விளிம்பில் கருவியை நிறுத்தி, கீழே நூற்றுக்கணக்கான மனிதத் தலைகள் இருப்பதை அறிந்து, குறித்த முகூர்த்தத்துக்குள் எடுத்தே தீர வேண்டிய ஒருவரின் கைவிரல்கள் படும் இறுக்கத்தைப் படம் பார்ப்போர் அறிவதில்லை.

ஆகவே உற்சாகத்தை மீட்பது என்பது புதிய கருவி வாங்குவதால் முடியும் காரியமன்று, அது கடனை மட்டுமே பெருக்கும். மனிதர் ஒரு வேலையில் உள்ளார்ந்த ஈடுபாட்டோடு நிற்பதற்கு, தாமே முடிவெடுக்கும் உரிமை, திறமை வளர்கிறது என்னும் உணர்வு, பிறரோடு பொருளுள்ள தொடர்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது டெசி, ரையன் என்னும் உளவியலாளர்கள் நிறுவிய கொள்கை. ஒரே நான்கு காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும் தொழிலில் இம்மூன்றும் அடைபட்டுள்ளன. அவை திறக்கும் இடம் குடாநாட்டின் நிலத்திலும் நீரிலும் இருக்கிறது.

வண்டின் நினைவு

அதற்கு முன் பேசியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. 1990 களின் நடுப்பகுதி முதல் இலங்கை விமானப்படை இஸ்ரேலியத் தயாரிப்பான ஆளில்லா வேவு விமானங்களைப் பயன்படுத்தியது. வன்னி மக்கள் அவற்றின் ஓயாத இரைச்சலால் அவற்றை வண்டு என்றே அழைத்தார்கள். வண்டு சுற்றினால் அடுத்து எறிகணையோ குண்டுவீச்சோ வரும் என்பதை அனுபவத்தால் கற்ற மக்களின் பிள்ளைகளே இன்று அதே வானத்தில் கமராவைப் பறக்கவிடுகிறார்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அந்த ஓசை கேட்டவுடன் முற்றத்திலிருந்து உள்ளே செல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை ஒரு தடையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பறப்பதற்கு முன் அயல்வீடுகளுக்குச் சொல்லிவைத்தல், வளவுகளுக்கும் கிணற்றடிகளுக்கும் மேலாகத் தாழப் பறப்பதைத் தவிர்த்தல், எடுத்த படத்தை அவ்வூரவருக்கே முதலில் காட்டுதல் ஆகிய பழக்கங்கள் சட்டம் கேட்பதற்கு மேலாக இந்த மண் கேட்பவை. தன் ஊரை மேலிருந்து பார்த்து, அது இன்னார் தோட்டம், இது பழைய சுடலைப் பாதை என்று ஒரு பெரியவர் திரையைத் தொட்டுச் சொல்லத் தொடங்கும்போது, இயக்குநருக்கு அதுவரை கிடைக்காத தொடர்பு ஒன்று கிடைக்கிறது.

நிலத்தைப் படிக்கும் கமரா

அந்தப் பெரியவர் சொல்வதைப் பதிவுசெய்யத் தொடங்குவதே புதிய தொழிலின் வாசல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் களப்பில் விழும் வழுக்கையாறு ஒன்றே ஆறு என்று சொல்லத்தக்கது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிட, அந்த நீரைத் தேக்கிச் சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகள் வழியே கிணறுகளுக்கு அனுப்புபவை ஊர்தோறும் உள்ள நூற்றுக்கணக்கான சிறு குளங்களும், அவற்றை இணைக்கும் வெள்ளவாய்க்கால்களுமே. வாய்க்கால் அடைபட்டால் இரண்டு இழப்புகள் ஒருசேர நிகழ்கின்றன: மழையில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறுகிறது, கோடையில் கிணற்று நீர் உவர்க்கிறது. 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் ஆகிய புயல்களின் மழை குடாநாட்டில் தேங்கி நின்றபோது, நீர் எந்த வழியால் போக வேண்டும் என்பது பல ஊர்களில் வாக்குவாதமாக மட்டுமே இருந்தது.

இத்தகைய வாக்குவாதத்தை அளவீடாக மாற்றும் ஆற்றல் சாதாரண ட்ரோனுக்கு உண்டு. ஒரே உயரத்தில் நேர்கோடுகளில் பறந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் உள்ளடக்குமாறு எடுத்து, அவற்றைக் கணினியில் பொருத்தினால், இடத்துக்கு இடம் அளவு மாறாத ஒரே பெரும்படமும் நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் உயர வரைபடமும் கிடைக்கின்றன. ஒளிப்பட அளவியல் எனப்படும் இம்முறைக்கு விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இருப்பினும், ஓப்பன் ட்ரோன் மேப், கியூஜிஐஎஸ் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் பணம் இன்றியே கிடைக்கின்றன. கலியாணக் காணொளியைத் தொகுக்கும் அதே மடிகணினி, நேரம் சற்றுக் கூடுதலாக எடுத்தாலும், ஒரு குளத்தின் வரைபடத்தை உருவாக்கப் போதுமானது.

பெட்டிச் செய்தி: ஒரு பரப்பில் எத்தனை புள்ளிகள்

*படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு நீளத்தைக் குறிக்கிறது என்பதே வரைபடத்தின் நுட்பத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு அங்குல உணரியும் 20 மெகாபிக்சலும் கொண்ட ட்ரோன் கமரா 100 மீற்றர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 2.7 சென்ரிமீற்றர். யாழ்ப்பாண வழக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அவ்வாறாயின் ஒரு பரப்புக் காணி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவாகிறது. கிளுவை வேலியின் நிழலும், வெங்காயப் பாத்தியின் வரம்பும், கிணற்றுக் கட்டின் வட்டமும் தனித்தனியே தெரிவதற்கு இது தாராளம். ஆனால் தரையில் இடம் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாமல் எடுத்த வரைபடம் அழகாக இருந்தும் மீற்றர் கணக்கில் இடம்பிசகி நிற்கக்கூடும்.*

கொழும்பில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் பத்தாண்டுகளுக்கு முன்பே இலங்கையில் ட்ரோன் படங்களை நீர், பயிர் ஆய்வுகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட சுவாமித்வா திட்டம் கிராமக் குடியிருப்பு நிலங்களை ட்ரோன் மூலம் அளந்து வீட்டுரிமையாளருக்கு உரிமை அட்டை வழங்கும் பணியை நாடளாவிய அளவில் மேற்கொண்டது. 2021 ஓகஸ்டில் வந்த இந்திய ட்ரோன் விதிகள் அனுமதி நடைமுறைகளைப் பெரிதும் எளிதாக்கின. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து மாணவர் குழுவான தக்ஷா, மருத்துவப் பொருள்களைக் கொண்டுசெல்லும் ட்ரோன்களுக்காக 2018 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. கல்விநிலையமும் சிறுதொழிலும் நெருங்கி நின்றால் எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு இது சான்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இருக்க, அவற்றுக்கும் திருநெல்வேலிச் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருப்பவருக்கும் இடையில் பேச்சு அதிகம் நடவாதிருப்பது வருத்தத்துக்குரியது.

காணி விடயத்தில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், யாழ்ப்பாணம் உள்ளிட்ட நான்கு வடக்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்று சொன்னபோது, இடப்பெயர்வுகளில் உறுதிகளை இழந்த குடும்பங்களும் வெளிநாடுகளில் வாழும் உரிமையாளர்களும் கலங்கினார்கள். யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எல்லையைச் சட்டப்படி நிர்ணயிக்கும் அதிகாரம் உரிமம் பெற்ற நிலஅளவையாளருக்கு மட்டுமே உரியது. ட்ரோன் வரைபடம் உறுதிக்கு ஈடாகாது. ஆயினும் அழிந்த வீட்டின் அத்திவாரம், பழைய கிணறு, எல்லைப் பனைகள், ஒழுங்கையின் போக்கு ஆகியவை காடு மூடும் முன்னர் திகதியோடு பதிவாகியிருப்பது, நிலஅளவையாளருக்கும் சட்டத்தரணிக்கும், ரொறன்ரோவில் இருந்துகொண்டு தன் காணியை விளக்க முயலும் ஒருவருக்கும் கிடைக்கக்கூடிய பெரிய உதவி. நிலஅளவையாளரோடு இணைந்து வேலை செய்யும் இயக்குநர் முகூர்த்த நாட்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

கடற்கரையிலும் இதே நிலைதான். தீவகத்துக் களப்புகளில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியபோது, அவை எவ்வளவு பரப்பை அடைத்தன, சிறகுவலைக்காரரின் பாடு எங்கே ஒதுங்கியது என்னும் கேள்விகள் சங்கக் கூட்டங்களில் எழுந்தன. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளத்தக்க படம் ஒன்று அப்போது மேசையில் இருந்திருந்தால் அக்கூட்டங்கள் வேறு விதமாக நடந்திருக்கும். கண்டற் காடுகளின் விளிம்பு, அரிக்கப்படும் கரை, நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகள், பனங்கூடல்களின் வெட்டும் வளர்ச்சியும் யாவும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே கோட்டில் பறந்து எடுத்தால் பத்து ஆண்டில் வரலாறாகும். பூநாரைகள் இறங்கும் களப்புகளில் மட்டும் கருவியைத் தள்ளியே நிறுத்த வேண்டும். கூட்டமாக எழும்பி அலையும் பறவை தான் இழக்கும் சக்தியைத் தரவையில் எளிதில் மீட்பதில்லை. அழகான ஒரு காட்சிக்காக அவற்றைக் கலைப்பது மன்னிக்க முடியாத செயல்.

கலியாண வீட்டைக் கைவிட வேண்டியதில்லை

வரைபட வேலை வளரும் வரை வீட்டு அடுப்பை எரியவைப்பது கலியாணமே. அதை இழிவாக எண்ணவும் கூடாது. வயது முதிர்ந்து பயணம் செய்ய இயலாமல் ஒஸ்லோவிலோ பாரிஸிலோ இருக்கும் ஒரு தாய்க்கு, பேத்தியின் கலியாணக் காணொளியே தன் ஊரின் கடைசித் தரிசனமாக அமைவதுண்டு. அவர் தேடுவது கோபுரத்தைச் சுற்றும் வட்டத்தை விட, தான் பள்ளிக்கு நடந்த ஒழுங்கையையும், வைரவர் கோயில் ஆலமரத்தையும், இப்போது யார் இருக்கிறார் என்று தெரியாத பக்கத்து வளவையுமே. வீட்டாரிடம் கட்டணம் பேசும்போதே, பாட்டன் பாட்டியின் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று கேட்டு, கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவற்றை எடுத்துச் சேர்க்கும் இயக்குநரின் காணொளி, வேறு எவருடையதோடும் மாறாட்டம் கொள்ளாது. இடிக்கப்பட்டுவரும் நாற்சார் வீடுகளின் ஓட்டுக் கூரையும் நடுமுற்றமும் இவ்வழியாகவே பதிவாகக்கூடும். முடிவெடுக்கும் உரிமை இவ்வளவு சிறிய கேள்வி ஒன்றால் கைக்கு வருவதைத் தொழில் செய்வோர் உணர்வது நல்லது.

யாருடைய கூலிக்காகவும் அன்றிப் பறக்கும் நேரமும் அதே அளவுக்கு அவசியம். 2015 முதல் நடைபெற்றுவரும் யாழ்ப்பாணம் சர்வதேச திரைப்பட விழா, இங்குள்ள சுயாதீனக் குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் திரை கொடுத்துள்ளது. அத்தகைய படங்களில் ஊதியம் சிறிதாக இருந்தாலும், ட்ரோன் காட்சி எப்போது வேண்டாம் என்பதைக் கற்றுத்தரும் திரைப்பட இயக்குநர்களோடு வேலை செய்யும் வாய்ப்பு உண்டு. கருவியைக் கீழே இறக்கி வைக்கக் கற்ற படப்பிடிப்பாளரே அதை மீண்டும் ஏற்றும்போது காரணத்தோடு ஏற்றுகிறார்.

தனியாளின் எல்லை

இவற்றையெல்லாம் ஒருவரே சுமக்க முடியாது என்பதையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். கிம்பலின் மெல்லிய நாடா ஒன்று அறுந்தால், நானூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ள கொழும்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்போர் பலர்; அந்த வாரத்து வேலை அயலவருக்குப் போகிறது, முற்பணமும் திரும்பிப் போகிறது. உப்புக் காற்று மோட்டார்களின் உள்ளே படிகிறது. லிதியம் பற்றறிகளை முழுவதும் ஏற்றியோ முழுவதும் இறக்கியோ வெப்பமான அறையில் நெடுநாள் வைத்தால் அவை வீங்கிப் பழுதாகின்றன. வேலையில்லாப் பருவத்தில் பாதியளவு மின்னேற்றத்தோடு குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை அறியாமலே பலர் பற்றறிகளை இழந்திருக்கிறார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு மாற்றுக் கருவியையும் உதிரிப்பாகங்களையும் பொதுவில் வைத்திருப்பதும், அனுமதிக் கடிதங்களை ஒருவரே எல்லோருக்குமாகக் கவனிப்பதும், ஒருவர் காய்ச்சலில் கிடக்கும் நாளில் மற்றவர் முகூர்த்தத்துக்குப் போவதும் போட்டியை ஒழிக்காது. ஆனால் ஒரு நாடா அறுந்ததற்காகத் தொழிலையே விட்டுவிடும் நிலையைத் தடுக்கும். பனை, தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களையும் கடற்றொழிலாளர் சங்கங்களையும் நடத்தித் தேர்ந்த ஒரு சமூகத்துக்கு இது புதிய பாடமன்று.

வாங்குவோர் பக்கத்திலும் இப்போது ஒரு வாய்ப்புக் கூடிவந்துள்ளது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இருந்த உள்ளூராட்சி மன்றங்கள், 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலின் வழி மீண்டும் அமைந்துள்ளன. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று என 17 மன்றங்கள் உள்ளன. வாய்க்கால் துப்புரவும் குப்பை மேடும் உள்ளூர் வீதியும் அவற்றின் அன்றாடப் பொறுப்புகள். இவை மூன்றுமே மேலிருந்து எடுத்த வரைபடத்தால் உடனடியாகப் பயன்பெறுபவை. ஒவ்வொரு மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள முக்கிய குளங்களையும் வெள்ளவாய்க்கால்களையும் செப்டெம்பர் கடைசியில், மழைக்கு முன், ஒரு முறையும் தை மாதத்தில், நீர் நிறைந்து நிற்கையில், ஒரு முறையும் படமெடுத்து வைக்க விரும்பினால், அதற்குத் தேவையான கருவியும் ஆளும் அந்தந்த ஊரிலேயே இருக்கின்றன. மன்றங்களின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் விவாதத்துக்கு வருகிறது. அதில் இதற்கென ஒரு வரி சேர வேண்டுமானால், ஐப்பசிக்கு முன்னரே ஒரு குளத்தின் மாதிரி வரைபடத்தைச் செலவு விவரத்தோடு தம் வட்டார உறுப்பினரின் கையில் கொடுக்க வேண்டியவர்கள் ட்ரோன் இயக்குநர்களே.